ஒரே வீட்டுச் சமையல், வெவ்வேறு இரத்த அழுத்தம்

உப்பைக் குறைத்தாகிவிட்டது, ஊறுகாயை நிறுத்தியாகிவிட்டது, இருந்தும் அழுத்தம் இறங்கவில்லையே என்று எங்கள் புறநோயாளிப் பிரிவில் வருந்துவோர் பலர். அருகில் அமர்ந்திருக்கும் உறவினர், "ஒளிச்சு வெச்சுத் தின்னிருப்பாருங்க" என்று சொல்லிச் சிரிப்பதும் உண்டு. அந்தச் சிரிப்பு பல வேளைகளில் நியாயமற்றது என்பதே எங்கள் கருத்து.

நம் சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அந்நீரோடு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்புக்கு ஈடான சோடியமும் வடிந்து செல்கிறது. அதில் நூற்றுக்கு 99 பங்கு மீண்டும் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. எஞ்சிய சிறு பகுதியை வெளியேற்றுவதா, வைத்துக்கொள்வதா என்பதைச் சிறுநீரக நுண்குழல்களில் உள்ள சோடிய வாயில்கள் முடிவு செய்கின்றன. இரத்த அழுத்தம் எந்த அளவில் நிற்கும் என்பது பெரிதும் இதைப் பொறுத்தது. அவ்வாயில்களின் அமைப்பை மரபணுக்களே வகுக்கின்றன. அந்த வகுப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

1963ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கிராண்ட் லிடிலும் அவருடைய குழுவினரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினர். இளமையிலேயே கடும் இரத்த அழுத்தம். இரத்தத்தில் பொட்டாசியமோ குறைவு. அக்குடும்பத்தில் முதலில் நோய் அறியப்பட்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் சிறுநீரகங்கள் செயலிழந்தன. 1989இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது, அழுத்தமும் தணிந்தது. குறை இருந்த இடம் சிறுநீரகமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1994இல் மரபணுக் காரணமும் தெரிந்தது: சோடிய வாயில் அகற்றப்பட வேண்டிய வேளையில் அகற்றப்படாமல் திறந்தே கிடக்கிறது. அதை அடைக்கும் அமிலோரைடு என்ற மாத்திரை அத்தகையோருக்கு நன்கு உதவுகிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் மாறுபாடுகள் உண்டு. அமெரிக்காவின் ஃபிரமிங்காம் ஊர் ஆய்வில் 3,125 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். சோடியத்தை மீட்கும் மரபணுக்களில் அரிய பழுது கொண்ட சிலருக்கு அழுத்தம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஒரே குழம்பை உண்ணும் அண்ணனுக்கு அழுத்தம் ஏறுவதும் தம்பிக்கு ஏறாமலிருப்பதும் இதனால் வியப்புக்குரியவை அல்ல.

ஆயினும் லிடில் நோய் போன்றவை மிக அரியவை. பெரும்பாலோரிடம் நூற்றுக்கணக்கான சிறு மரபணு வேறுபாடுகளோடு வயது, உடல் எடை, மது, உப்பு ஆகியனவும் சேர்ந்தே செயல்படுகின்றன. சென்னை நகரத்தாரிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில் சராசரி உப்பு நுகர்வு நாளொன்றுக்கு 8.5 கிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்போ 5 கிராம். எனவே, "எங்க வம்சத்துக்கே பிரஷருங்க" என்று சொல்லி மாத்திரையைக் கைவிடுவோரோடு நாங்கள் ஒருபோதும் உடன்பட மாட்டோம். வம்சத்தில் உள்ளவரே மற்றவரைவிட முன்னதாக விழித்துக்கொள்ள வேண்டியவர்.

கணபதியின் வார்ப்படப் பட்டறைகளில் வியர்வை சிந்துவோர் மோரில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வதைக் காண்கிறோம். அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர் மருத்துவரைக் கேளாமல் அப்படிச் செய்யலாகாது. கடைகளில் கிடைக்கும் குறைந்த சோடிய உப்பிலும் எச்சரிக்கை தேவை. அதில் சோடியத்துக்கு ஈடாகப் பொட்டாசியம் சேர்க்கப்படுகிறது. சிறுநீரகம் நலிந்தோருக்கு அது இதயத் துடிப்பையே குலைத்துவிடக் கூடும்.

மரபணுப் பரிசோதனை எல்லோருக்கும் வேண்டுவதில்லை. அதற்காகக் கடன் வாங்குவது வீண். முப்பது வயதுக்குள் அழுத்தம், காரணமின்றிப் பொட்டாசியக் குறைவு, குடும்பத்தில் இளவயதுப் பக்கவாதம் ஆகியவை இருப்பின் மட்டும் அதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

அடுத்த முறை வரும்போது, சித்தப்பாவுக்குப் பக்கவாதம் எந்த வயதில் வந்தது, அத்தைக்கு எப்போது மாத்திரை தொடங்கினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாருங்கள். துணைக்கு வருபவரும் சட்டைக் கையை மடித்துவிட்டு அமரட்டும். அவருக்கும் அழுத்தம் பார்க்க இரண்டு நிமிடங்கள்கூட ஆகாது.