பொய்யை அன்று, அச்சத்தை அளக்கும் கருவி



குற்றம் சுமத்துகிறவரே அதற்கான ஆதாரத்தைக் கொண்டுவர வேண்டும். வெறும் ஐயம் ஆதாரமாகாது. நமது மார்க்கம் கற்பித்துள்ள இந்த நீதியை அமெரிக்க நீதிமன்றங்களும் ஏற்கின்றன. ஆயினும் எஃப்.பி.ஐ., சி.ஐ.ஏ. போன்ற அந்நாட்டு அரசு அமைப்புகளில் வேலை கேட்டுச் செல்வோர், பாலிகிராஃப் எனும் பொய் கண்டறியும் கருவியின் முன் அமர்த்தப்படுகையில் இந்த நீதி தலைகீழாகிறது. அங்கே தம்மை நிரபராதி என்று மெய்ப்பிக்கும் சுமை விண்ணப்பதாரரின் தலையில் விழுகிறது.

அக்கருவி செய்வதுதான் என்ன? கையில் இரத்த அழுத்தப் பட்டை, மார்பிலும் வயிற்றிலும் மூச்சை அளக்கும் குழாய்கள், விரல்களில் வியர்வையை உணரும் தகடுகள். இவை பதிவு செய்வது உடலின் படபடப்பை மட்டுமே. பொய்க்கென்றே தனியானதோர் உடற்குறி இருப்பதாக எவரும் நிறுவியதில்லை. பொய்யனின் இதயமும் துடிக்கும். வேலை கைநழுவிப் போகுமோ என்று அஞ்சும் நேர்மையாளரின் இதயமும் துடிக்கும்.

பரவலாகக் கையாளப்படும் ஒரு முறையில், "உங்களை நம்பியவரிடம் எப்போதேனும் பொய் சொன்னதுண்டா?" என்பது போன்ற பொதுக் கேள்விகளும், "போதைப்பொருள் விற்றதுண்டா?" என்பது போன்ற நேரடிக் கேள்விகளும் கலந்து கேட்கப்படுகின்றன. முன்னதற்கு அதிகம் பதறுகிறவர் தேறுவார். பின்னதற்கு அதிகம் பதறுகிறவர் தோற்பார். அப்படியொரு பழியின் பெயரைக் கேட்டாலே கூசிப்போகும் கண்ணியமானவரின் கதி என்னவாகும்?

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு ஒரு கணக்கைத் தந்தது. 10,000 ஊழியர்களிடையே 10 உளவாளிகள் இருப்பதாகக் கொள்வோம். அவர்களில் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையைக் கடுமையாக்கினால், ஏறத்தாழ 1,600 நிரபராதிகளும் உடன் சிக்குவர். நிரபராதிகளைக் காக்கச் சோதனையைத் தளர்த்தினால், உளவாளிகளில் 8 பேர் தப்பிவிடுவர். நடந்ததும் அதுவே. சோவியத் ஒன்றியத்திற்கு இரகசியங்களை விற்ற சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் இச்சோதனையில் தேறியவர். கியூபாவுக்கு உளவு பார்த்த அனா மான்டெஸும் தேறியவரே.

இவ்வளவுக்கும் இக்கருவியின் குறையை அந்த அரசு அறியாததன்று. 1988-இல் இயற்றப்பட்ட சட்டம், பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் வேலைக்கு ஆளெடுக்க இச்சோதனையைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அரசு அமைப்புகளுக்கோ விலக்கு அளித்தது. 1998-இல் விமானப்படை வீரர் ஒருவர், தாம் தேறிய சோதனையின் முடிவைத் தமக்குச் சாதகமான சான்றாக முன்வைக்க விரும்பிய வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. இக்கருவியை நம்ப இயலாது என்று வாதிட்டது அரசுத் தரப்பே! நீதிமன்றமும் அவ்வீரரின் கோரிக்கையை ஏற்கவில்லை. குடிமகன் தன்னைக் காத்துக்கொள்ள எடுத்து வந்தால் நம்பத் தகாத கருவி, அதே குடிமகனின் வேலையைப் பறிக்கும்போது மட்டும் எவ்வாறு நம்பத் தகுந்ததாகும்?

"இச்சோதனைக்கு அஞ்சியே பலர் உண்மையை ஒப்புக்கொள்கின்றனர்" என்பர் இதன் ஆதரவாளர்கள். ஒப்புக்கொள்வோர் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் அது அச்சத்தின் பயனேயன்றி அளவீட்டின் பயனன்று. ஒப்புக்கொள்ள ஏதுமில்லாதவருக்கு அந்த அச்சம் எதைத் தருகிறது? வரைபடத்தில் சில கோடுகளையும், "நேர்மையற்றவர்" என்னும் பழியையும் தவிர வேறொன்றுமில்லை. சாட்சியுமில்லாமல் ஆவணமுமில்லாமல் வந்த அந்தப் பழியைத் துடைக்க அவர் எங்கே செல்வார்?

எனவே நாம் சொல்வது இதுதான். கருவியின் முடிவை மட்டும் கொண்டு எவரையும் நிராகரித்தல் ஆகாது. ஐயம் எழுந்தால் அதைத் தனியே விசாரித்து ஆதாரம் காட்டுங்கள். ஆதாரம் இல்லையேல் ஐயத்தைக் கைவிடுங்கள். நிராகரிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வழி திறந்திருக்கட்டும். தனியார் முதலாளிக்கு 1988-லேயே மறுக்கப்பட்ட அதிகாரம், அவரினும் வலிமை மிக்க அரசுக்கு மட்டும் உரியதாக இருப்பது நீதியன்று.