கழிக்கரையில் ஒரு தில்லை

தானே கடற்கழியோரம் உலவச் செல்லும் நம்மவர், பூநாரைகளைக் கண்டு மகிழ்வதோடு திரும்பிவிடுகின்றனர். காலடிப் பூவை நோக்குவோர் சிலரே. கோடையில் அங்கே சேற்றோரம் கழுதைமுள்ளி ஊதா நிறத்திற் பூக்கும். பெயர்தான் அப்படி, பூவோ கண்ணைப் பறிக்கும்!

சற்று உள்ளே சென்றால் தில்லை மரத்தைக் காணலாம். ஆம், சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே தில்லைதான். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மெல்லிய மஞ்சட் பூங்கதிர் நீண்டிருந்தால் அது ஆண். இலைகள் உதிருமுன் சிவக்கும். அவ்வழகில் மயங்கிக் குழந்தைகள் கொம்பை ஒடிக்க விடலாகாது. வடியும் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டால் பார்வையைச் சிலகாலம் மறைத்தும்விடும். பட்டுவிட்டாற் கசக்காமல், நல்ல நீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் காட்டுவோமாக.