கரை காக்கும் தொண்டு

ஆண்டுதோறும் தைத் திங்கள் முதல் பங்குனித் திங்கள் வரை, தமிழகக் கடற்கரைக்குக் கடலாமை ஒன்று முட்டையிட வருகிறது. அதனைப் ‘பங்குனி ஆமை’ என்று தமிழர் அழைக்கின்றனர். ஒடிசாவின் ருசிகுல்யா ஆற்று முகத்துவாரத்திற்கும், மகாராட்டிரத்தின் வேளாஸ் சிற்றூருக்கும் வருவது இவ்வகை ஆமையே.

இரவில் கரையேறும் தாய் ஆமை, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அதன்பின் முட்டைகளுக்குக் காவல் இல்லை. நாய்கள் தோண்டித் தின்னும். ஏறத்தாழ ஐம்பது நாள்களில் வெளிவரும் குஞ்சுகள், கடற்பரப்பின் மெல்லொளியை நோக்கி நகரும் இயல்புடையவை. கரையோர விளக்குகளின் ஒளி மிகுந்தால், அவை வழி தவறிச் சாலையை நோக்கிச் சென்றுவிடும்.

சென்னையில் 1988ஆம் ஆண்டு முதல் மாணவர்களும் இளைஞர்களும் இம்முட்டைகளைக் காத்து வருகின்றனர். நள்ளிரவில் கடற்கரையில் நெடுந்தொலைவு நடந்து, ஆமையின் தடத்தைக் கண்டறிந்து, முட்டைகளைக் கவனமாக எடுத்து, வேலியிட்ட பொரிப்பிடத்தில் புதைக்கின்றனர். குஞ்சுகள் வெளிவந்ததும் அவற்றைக் கடலருகே விடுகின்றனர். சில இரவுகளில் ஒரு தடமும் தென்படாது. ஆயினும், மறுநாளும் நடக்கின்றனர்.

இத்தொண்டால் என்ன பயன் என்று வினவுவோர் உண்டு. அவர்கள் கூற்றிலும் உண்மை உள்ளது. 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் ஆமை, இழுவலையில் சிக்கி நீர்மேல் வர இயலாவிடில் இறந்துவிடும். அதனைத் தடுக்க வேண்டியவர்கள் அரசும் படகு உரிமையாளர்களுமே. கரையில் நடக்கும் மாணவர் அல்லர்.

எனினும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வாமையைக் காக்கிறது என்றாலும், ஒவ்வொரு கரையிலும் ஒவ்வோர் இரவும் சட்டம் கண்விழித்து நிற்க இயலாது. தொண்டர்கள் கண்விழிக்கின்றனர். பிழைத்த குஞ்சுகளை மட்டுமன்றி, இறந்த ஆமைகளையும் அவர்கள் எண்ணிக் குறித்து வைக்கின்றனர். அக்கணக்கு இருந்தால்தான் பொறுப்புடையோரிடம் கேள்வி கேட்க முடியும். ஆகவே, தொண்டு சட்டத்திற்கு மாற்று அன்று. சட்டத்தை உறங்கவிடாத சாட்சி.

கடற்கரைக்கு ஒருநாள் சென்று, குப்பை பொறுக்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்புவது தொண்டின் தொடக்கம் மட்டுமே. எவரும் பாராட்டாத நாளிலும் மீண்டும் செல்வதே தொண்டு.

கடலைக் காணாத ஊரில் வாழும் சிறுவர்க்கும் இதில் பங்கு உண்டு. தில்லியில் யமுனையாற்றில் எறியப்படும் நெகிழிப் பை, கங்கையின் வழியே வங்கக் கடலைச் சென்று சேரக்கூடும். பங்குனி ஆமை நீந்துவதும் அக்கடலில்தான். தன் தெருவின் குப்பை வாய்க்காலில் விழாமல் வாரந்தோறும் காக்கும் சிறுமியும் கடலைக் காப்பவளே.