பழைய சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் தேவையா?



மழையில் தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு டிஸ்க் பிரேக் ஆசை வருவது நியாயம்தான். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். ஆனால் பழைய மவுண்டன் பைக்கில் அடாப்டரை முடுக்கி டிஸ்க் மாட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? 26 அங்குலச் சக்கரத்தில் ரிம் பிரேக் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து சுமார் 27 செ.மீ. 160 மி.மீ. டிஸ்க்கில் 8 செ.மீ.கூட இல்லை. அதே அளவு நிறுத்த, மூன்று மடங்குக்கு மேல் விசை வேண்டும். அது முழுவதும் இடப்பக்கக் குழாயில்தான் இறங்கும். டிஸ்க்குக்காகச் செய்யாத குழாய் அதைத் தாங்கும் என்று எப்படி நம்புவது? முன் ஃபோர்க் முறிந்தால் முகம்தான் தரையில் மோதும்.

டிஸ்க்தான் வேண்டுமா? அதற்கென்றே செய்த ஃபோர்க்கும் ஹப்பும் முன்பக்கம் மாற்றுங்கள். இல்லையேல் நல்ல வி-பிரேக், புதுக் கட்டை, புது கேபிள் போதும்.