பொதிகையில் ஒருநாள் டிரெக்கிங்: ‘போதும், திரும்பலாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?

பாலியின் பத்தூர், ஜாவாவின் புரோமோ, ருவாண்டாவின் பிசோகே. விடிவதற்குள் ஒரு கைடோடு கிளம்பி, எரிமலை உச்சியில் செல்ஃபி எடுத்து, சாயங்காலம் ஹோட்டலுக்குத் திரும்பிவிடும் ரீல்ஸ் உங்கள் மொபைலிலும் வந்திருக்கும். ‘நம்ம பக்கம் இப்படி ஒண்ணு இல்லையா?’ என்று கேட்கும் திருநெல்வேலிக்காரருக்குப் பதில் வெகுதூரத்தில் இல்லை. பாபநாசத்தில் நின்று மேற்கே பார்த்தால் போதும்.

ஒரே ஒரு திருத்தம். பொதிகை எரிமலை அல்ல. தென்கோடி மேற்குத் தொடர்ச்சி மலை, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, பின்னர் மேலே வந்த மிகப் பழைய பாறை. எரிமலை வாய் கிடையாது, கந்தக வாடை கிடையாது. ஆனால் கைடு, காட்டு விலங்குகள், திடீரென மாறும் வானிலை, டிக்கெட் பணம், அடிவாரத்தில் வாழும் மக்கள் என்று மற்ற எல்லாக் கேள்விகளும் எரிமலைக்கும் பொதிகைக்கும் ஒன்றுதான்.

இப்போது என்ன நிலைமை?

1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்மலை உச்சிக்கு இன்று பொதுமக்கள் முறைப்படி ஏறுவது கேரளப் பக்கமிருந்துதான். போனக்காட்டில் தொடங்கி, அதிருமலை முகாமில் தங்கி, மொத்தம் மூன்று நாள். ஜனவரியை ஒட்டிய சில வாரங்களுக்கு மட்டும் அனுமதி உண்டு. அதனால் தாமிரபரணிக் கரையில் வாழ்பவர் தன் ஆறு பிறக்கும் மலையில் ஏற, திருவனந்தபுரம் வழியாகச் சுற்றிப் போகிறார்.

தமிழகப் பக்கம் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். களக்காடு, முண்டந்துறை என்ற இரண்டு சரணாலயங்களையும் இணைத்து 1988இல் உருவான, மாநிலத்தின் முதல் புலிகள் காப்பகம் இது. 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகமும் அறிவிக்கப்பட்டது.

இன்னொரு பக்கம், 2024 அக்டோபரில் தமிழக அரசு ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைன் புக்கிங், பயிற்சி பெற்ற உள்ளூர் கைடுகள். பெரும்பாலானவை ஒரே நாளில் முடியும் நடைகள். அதனால் ‘எங்க பொதிகைக்கு எப்போ?’ என்ற கேள்வி வருவது இயல்பு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உச்சி வேண்டாம், அடிவாரத்தில் ஒருநாள் நடை வேண்டும். ஆனால் அதை ‘திறக்கணுமா, மூடணுமா’ என்று பார்ப்பது தவறான கோணம். பாதி வழியில் ‘போதும், திரும்பலாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, வரும் பணம் யாருக்குப் போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் மற்றதைத் தீர்மானிப்பது எளிது.

கைடு இருந்தால் பாதுகாப்பா?

இருக்கணும். ஆனால் அது மட்டும் போதாது.

2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அனுமதி வாங்கியது ஒரு பாதைக்கு, போனது வேறு பாதையில். அதுவும் புல் காய்ந்து கிடக்கும் கோடையில். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. தீக்காலத்தில் பாதைகளை மூடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

எரிமலைகளிலும் கதை பெரிதாக மாறவில்லை. நியூசிலாந்தின் வக்காரி தீவில் 2019 டிசம்பர் 9 அன்று எரிமலை வெடித்தபோது தீவில் இருந்தவர்கள் 47 பேர். பலரும் கட்டணம் கட்டி, கைடோடு வந்த சுற்றுலாப் பயணிகள். 22 பேர் உயிரிழந்தார்கள். எச்சரிக்கை நிலை முந்தைய மாதமே உயர்த்தப்பட்டிருந்தது, டூர் நிற்கவில்லை. இந்தோனேசியாவின் மராபி 2023 டிசம்பர் 3 அன்று வெடித்தபோது மலையில் சுமார் 75 பேர். எரிமலை வாய்க்கு அருகில் போகக்கூடாது என்று கண்காணிப்பு மையம் சொல்லியிருந்தும், மேலே ஏற புக்கிங் நடந்துகொண்டிருந்தது. அங்கும் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்த மூன்றிலும் ஆபத்து பற்றிய தகவல் ஏதோ ஓர் இடத்தில் இருந்தது. காய்ந்த புல் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் அந்தத் தகவல் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்ற முடிவாக மாறவில்லை. மாறாததற்கு ஒரு எளிய காரணம் பணம். புக்கிங் ரத்தானால் காசைத் திருப்பிக் கொடுக்கணும். அன்றைய கூலி கைடுக்குக் கிடைக்காது. சென்னையிலிருந்து இரவு பஸ் ஏறி வந்த பத்துப் பேர், ‘இவ்ளோ தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தானே அண்ணே’ என்பார்கள். தினக்கூலிக்கு வரும் ஒருவரால் அந்த இடத்தில் ‘முடியாது’ என்று சொல்ல முடியுமா?

பொதிகைச் சாரலில் இது கற்பனைக் கேள்வி இல்லை. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து எல்லாம் வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்க்கும் இடங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பள்ளத்தாக்கு மறக்காது. அப்போது சமவெளியில், கடலோரக் காயல்பட்டினத்திலேயே ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. காலையில் முழங்கால் அளவு ஓடும் காட்டோடை, மேலே பெய்த மழையால் மதியம் கடக்க முடியாததாகிவிடும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அதுதான் ஏமாற்றும்.

அதனால் கைடுக்குத் தரவேண்டிய முதல் பயிற்சி ஆங்கிலம் பேசுவதல்ல. நடை பாதியில் நின்றாலும் முழுக் கூலி அவருக்கு உறுதியாக வேண்டும். அவர் எடுத்த முடிவை எதிர்த்து யாரும் புகார் செய்ய முடியாது என்று டிக்கெட்டிலேயே அச்சிட வேண்டும்.

ஒருநாளில் என்ன பார்க்கலாம்?

புலி? வாய்ப்பு மிகக் குறைவு. அடர்ந்த காட்டில் நடந்துபோகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கால்தடம், மரத்தில் நகக்கீறல், பாதையோர எச்சம். சஃபாரி ஜீப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்தால் ஏமாற்றம்தான்.

ஆனால் இந்த மலையின் உண்மையான சொத்து வேறு. பாபநாசத்தின் வறண்ட முள்காட்டிலிருந்து மேலே போகப்போக இலையுதிர் காடு, அப்புறம் பசுமைமாறா மழைக்காடு, உச்சியை ஒட்டிப் புல்வெளி. சில மணி நேர நடையில் காடு இரண்டு மூன்று முறை ஆளே மாறிப்போகும். தென்னிந்தியாவில் இவ்வளவு குறுகிய தூரத்தில் இத்தனை மாற்றத்தைக் காட்டும் இடங்கள் அதிகம் இல்லை. மழைக்காட்டு மரக்கூரையில் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலை அணில், இருவாச்சி. களக்காடு 1976இல் சரணாலயமானதே முக்கியமாகச் சோலைமந்திக்காகத்தான். வெடிபலா மரத்தில் காய் பிடிக்கும் பருவத்தில் அந்தக் கூட்டத்தை எங்கே தேடவேண்டும் என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். கூகுள் மேப்புக்குத் தெரியாது.

யானை விஷயம் தனி. கம்பத்துக்குள் புகுந்து பரபரப்பான அரிக்கொம்பனை 2023 ஜூனில் கொண்டுவந்து விட்டது இந்தக் காப்பகத்தின் மேல் கோதையாறு பகுதியில்தான். வளைவில் திரும்பும்போது யானையைப் ‘பார்ப்பது’ வனவிலங்கு தரிசனம் இல்லை, விபத்து. வாடையை வைத்தும் உடைந்த கிளையை வைத்தும் அதற்கு முன்பே நிறுத்துகிறவர்தான் நல்ல கைடு.

சட்டம் என்ன சொல்கிறது? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் சுற்றுலாவுக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி கொடுக்கலாம். புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் அதிகபட்சம் 20 சதவீதப் பரப்பில் மட்டுமே கட்டுப்படுத்தப்பட்ட சுற்றுலா இருக்கலாம் என்று 2012ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் வரையறுத்தது. ஆக, முழுத் தடையும் இல்லை, முழு உரிமையும் இல்லை. இரவு தங்கினால் விறகு, கழிவு, வெளிச்சம், சத்தம் எல்லாம் சேர்ந்து வரும். விடிந்து ஏறி, நான்கு மணிக்குள் இறங்கிவிடும் நடையில் அந்தச் சுமை இல்லை. நான் ‘ஒருநாள்’ என்று அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

பணம் யாருக்கு?

ருவாண்டாவை மறுபடி பார்ப்போம். பிசோகே 3,711 மீட்டர் உயர எரிமலை; கைடும் ஆயுதமேந்திய காவலரும் உடன்வர ஒரே நாளில் ஏறி, உச்சியில் ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கலாம். அதே தேசியப் பூங்காவில் மலைக் கொரில்லாவைப் பார்க்கத் தனி பெர்மிட். 2017இல் அதன் விலையை 1,500 டாலராக்கினார்கள். ஒரு குழுவில் எட்டுப் பேர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பள்ளி, குடிநீர் போன்ற வேலைகளுக்குப் போகிறது. அந்த விலை நமக்கு வேண்டாம். பொதிகையைப் பணக்காரர்களுக்கு மட்டுமான மலையாக்குவது அபத்தம். கற்க வேண்டியது, பங்கு எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லி, அதை விதியாகவே வைத்திருப்பதை.

நம் மலையிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது. 1987இல் அகத்தியர்மலையின் கேரளப் பக்கம் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டியாகப் போனவர்கள் காணிப் பழங்குடியினர். ஏறி ஏறி விஞ்ஞானிகள் களைத்துப்போக, காணிகள் ஏதோ ஒரு சிறு காயை மென்றபடி சளைக்காமல் நடந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. தயாரிப்பு உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லப்படும் இந்த உதாரணத்திலும் குறை உண்டு. எல்லாக் காணிக் குடியிருப்புகளும் அந்த ஏற்பாட்டில் சேரவில்லை. மொத்தத்தில் கிடைத்த தொகையும் பெரிதில்லை. ஆனாலும் தொடக்கப்புள்ளியைக் கவனியுங்கள்: வழிகாட்ட வந்தவரின் அறிவுக்கு விலை உண்டு என்று ஒரு அரசு நிறுவனம் ஒப்புக்கொண்டது.

நெல்லைப் பக்கம் மயிலாறு, சேர்வலாறு, அகத்தியர் காணிக்குடியிருப்பு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் காணிகள் வாழ்கிறார்கள். இஞ்சிக்குழிக்குக் காரையாறு அணையைப் படகில் கடந்துதான் போகணும். டிரெக்கிங் வந்தால் முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள் இவர்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருக்கணும். புனிதமான இடங்களில் கூட்டம் வேண்டாம் என்று சொன்னால், பாதையை மாற்றுவதுதான் மரியாதை.

நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. காலண்டரை எடுத்துப் பாருங்க. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்கு. நிம்மதியாக நடக்கக் கிடைப்பது ஜனவரியும் இடையிடையே சில வாரங்களும். இந்த நாட்களின் வருமானத்தை நம்பி எந்த இளைஞராலும் குடும்பம் நடத்த முடியாது. எனவே கைடு என்பது தனி வேலையாக இருக்க முடியாது. தீத்தடுப்புக் கோடு வெட்டுதல், வேட்டைத் தடுப்புக் காவல், தாவரக் கணக்கெடுப்பு என்று ஆண்டு முழுவதும் சம்பளம் உள்ள பணியின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். சம்பளம் உறுதியானால்தான் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்ற சொல்லும் தைரியமாக வரும். காப்பகத்துக்கு இது புதிதும் அல்ல. 1990களில் உலக வங்கி நிதியுடன் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நாட்டில் முதலில் சோதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று களக்காடு முண்டந்துறை. அடிவாரக் கிராமங்களில் குழுக்கள் அமைத்து, சிறுகடன் கொடுத்து, காட்டு விறகை நம்பியிருப்பதைக் குறைத்தார்கள்.

மாஞ்சோலைக்காரர்கள்?

1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலம், 2028இல் குத்தகை முடிகிறது. தோட்டத்தை நடத்திய பாம்பே பர்மா நிறுவனம் 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. நிலம் காடாகத் திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தாமிரபரணி நீர்ப்பிடிப்புக்கு அது நல்லது. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் நாலு தலைமுறையாக அட்டைக் கடியோடு அந்தச் சரிவில் வாழ்ந்தவர்கள் பெட்டி கட்டி இறங்குவதும், வார இறுதிக்கு வருபவர்கள் ஷூ கட்டி ஏறுவதும் ஒரே மலையில், ஒரே காலத்தில் நடந்தால் அதற்கு என்ன பெயர்? எந்த ஓடை எப்போது பெருகும், யானை எந்தச் சரிவில் இறங்கும் என்று தெரிந்தவர்கள் இப்போது அம்பாசமுத்திரத்திலும் விக்கிரமசிங்கபுரத்திலும் வேலை தேடுகிறார்கள். கைடு பட்டியல் தயாரிக்கும்போது காணி இளைஞர்களுக்கு அடுத்த இடம் இவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் வரணும். குத்தகை முடிய அதிக காலம் இல்லை. எஸ்டேட் சாலையும் லயன் வீடுகளும் என்ன ஆகும் என்ற முடிவோடு இதையும் சேர்த்தே எடுக்கலாம்.