கைத்தொழிலாகுக எந்திரக் கல்வி! தமிழில் நிகழ்க!

கல்வி என்பது கண்ணும் செவியும் மட்டும் பெறுவதன்று, கையும் பெறுவது. உழவும் நெசவும் தச்சும் இந்நாட்டில் வழிவழி வந்தது அவ்வாறே. இன்று எந்திரனியல், செயற்கை நுண்ணறிவு என்னும் இருபெருந் துறைகள் பள்ளிக்குள் புகுந்துள்ளன. அவற்றை நம் பிள்ளைகள் எம்மொழியில், எம்முறையிற் கற்பர் என்பதே தமிழர் இன்று எண்ண வேண்டிய வினா.

நடுவணரசு 2016 முதல் அடல் பெயரால் பள்ளிகளில் செய்முறைக் கூடங்களை அமைத்து வருகின்றது. கூடம் ஒன்றிற்கு 20 இலக்கம் உருபா வரை நல்கை. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டில் 50,000 கூடங்கள் அமையுமென 2025 வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. தமிழ்நாட்டரசும் 2025-இல் தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. இவை வரவேற்கத் தக்கனவே. ஆயின், தமிழ்நாட்டரசின் திட்டத்திற்கு வாய்த்த பெயர் யாது? 'சுபார்க்கு'! ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டு. பெயரிலேயே தமிழுக்கு இடமில்லையெனின், பாடத்தில் அதற்கு இடம் தருவார் யார்?

தமிழிற் சொல் இல்லை என்பார் உளர். மதுரை மதிலின்மேல் தானே வளைந்து எய்யும் விற்பொறி முதலாகப் பல பொறிகள் இருந்தமையைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை அடுக்கிக் கூறுகின்றது. பழம்பெருமை வேண்டா எனின், அண்மைச் சான்றும் உண்டு. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-இல் பொறியியற் படிப்பே தமிழ்வழியில் தொடங்கிற்று. அயலார் ஒருவர்க்கு அன்று இயன்றது, நமக்கு இன்று இயலாதோ?

அதேபோழ்து, சொல்லாக்கியதோடு நம் கடன் முடிந்ததென்று இருத்தலும் தவறே. மின்னோடி என்னும் சொல்லை ஏட்டில் எழுதிய பிள்ளை, அதனைக் கையிலெடுத்து, மின்கலத்தின் கம்பிகளை மாற்றி இணைத்து, அது எதிர்ப்புறம் சுழலக் கண்டாலன்றி அச்சொல் அவனுக்கு உயிர்பெறாது.

மதுரைக் கோரிப்பாளையத்தையே எடுத்துக்கொள்வோம். வைகை வடகரையில் வண்டிகள் நெருங்கித் திணறும் சந்தி அது. அப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் அச்சந்தியை அட்டையிற் சிறிதாகச் செய்யட்டும். உணரியொன்று ஒலியலையை விடுத்து, எதிரொலி மீளும் நேரத்தால் வண்டியின் தொலைவை அறியும். பிள்ளைகள் எழுதிய நிரலின்படி, வண்டி மிகுந்த புறத்திற் பச்சை விளக்கு நீளும். சாலை கடக்கும் முதியவர்க்கு அந்நேரம் போதுமா என்று அவர்களே தம்முள் உசாவுவர். பொறியறிவும் மக்கட்பண்பும் ஒருங்கே வளரும் இடம் அஃதன்றோ?

செயற்கை நுண்ணறிவும் அவ்வாறே. ல, ள, ழ என்னும் மூன்றெழுத்தை வகுப்பினர் தத்தம் கையால் எழுதிப் படமெடுத்துக் கணிப்பொறிக்குக் காட்டட்டும். ஒருவர் கையெழுத்தை மட்டும் காட்டின் பிறர் எழுத்திற் பொறி தடுமாறும். பலர் எழுத்தைக் காட்டின் தெளியும். பொறியின் அறிவு நாம் ஊட்டும் தரவைப் பொறுத்ததே என்பதைப் பிள்ளை அன்றே உணரும். நல்ல தமிழை நாம் ஊட்டாவிடின், பொறி அரைகுறை மொழிபெயர்ப்புத் தமிழையே பேசும். நாளைய தலைமுறை அதனையே தமிழென்று நம்பும். நம் அச்சம் இதுவே.

காசுள்ளார் பிள்ளைக்கு ஆங்கிலத்திற் கைப்பயிற்சி, இல்லார் பிள்ளைக்குச் சுவர்ப்படம் என்னும் நிலை வரலாகாது. ஆதலின் அரசு செய்ய வேண்டியவை மூன்று. செய்முறைக் கையேடுகளைத் தமிழில் தருக! கருவிகளைப் பேழையிற் பூட்டாது பிள்ளைகள் கையிற் கொடுக்க ஆசிரியரைப் பயிற்றுக! செய்து காட்டுவதற்கே மதிப்பெண் வழங்குக!

தமிழாசிரியர்களே! நமக்கும் ஒரு கடன் உண்டு. அறிவியல் ஆசிரியரோடு செய்முறைக் கூடத்துள் நாமும் நுழைவோம். பிள்ளை புதிதாய் ஒன்றைச் செய்து இதற்குப் பெயரென்ன என்று கேட்கும்போது, தமிழிற் பெயர் சொல்ல நாம் அங்கு இருத்தல் வேண்டும். தமிழ் அங்குத் தொழிற்படுமேல், எங்கும் வாழும்.