கூடினால் போதுமா?

"குட்டிதானே, எலும்பு தானாகக் கூடிவிடும். மாவுக்கட்டு போதும், ஆபரேஷன் எதற்கு?" நாய்க்குட்டிக்குக் கால் முறிந்ததும் வீட்டில் முதலில் எழும் குரல் இது. பாதி உண்மை என்பதால்தான் இந்த நம்பிக்கை இத்தனை கெட்டியாக நிற்கிறது.

குட்டியின் எலும்பு வேகமாகக் கூடும் என்பது மெய்தான். வளர்ந்த நாய்க்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் வேலை, மூன்று மாதம் நிரம்பாத குட்டிக்கு 2 முதல் 4 வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த வேகம் நேர், கோணல் பார்ப்பதில்லை. விலகிய எலும்பு விலகியபடியே ஒட்டிக்கொள்ளும். "ரெண்டு வாரம் பார்ப்போம்" என்று காத்திருந்தால், பிறகு ஒட்டியதை வெட்டித்தான் நேராக்க வேண்டும்.

தொடை எலும்பை எடுத்துக்கொள்வோம். கட்டு பயன்பட வேண்டுமானால் முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதிருக்க வேண்டும். தொடைக்கு மேலே இருப்பது இடுப்பு மூட்டு. அதுவரை எட்டாத கட்டு, முறிந்த இடத்தில் பாரமாகத் தொங்கி எலும்பை இன்னும் விலக்கும். காலை நீட்டியபடி வாரக்கணக்கில் கட்டிவைத்தால், முன்தொடைத் தசை எலும்போடு ஒட்டி இறுகிவிடலாம். எலும்பு கூடியிருக்கும், முழங்கால் மடங்காது.

பொமரேனியன், டாய் பூடில் போன்ற சிறு இனங்களில் அந்தப் பாதி உண்மையும் செல்லாது. சோபாவிலிருந்து குதித்தாலே முன்னங்கால் எலும்புகள் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறியக்கூடும். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, சுற்றிலும் தசையும் சொற்பம். மாவுக்கட்டை மட்டும் நம்பினால் எலும்பு கூடாமலே போவது அடிக்கடி நடக்கிறது.

ஆபரேஷன் செய்து, முறிந்த எலும்பை உலோகத் தகட்டால் (பிளேட்) பொருத்திய குட்டி பெரும்பாலும் சில நாட்களிலேயே காலை ஊன்றும்; மூட்டு இறுகாது, தசை வற்றாது. இந்த முறை புதுப் பரிசோதனையும் அல்ல. எலும்பை உறுதியாகப் பொருத்து, சீக்கிரம் அசையவிடு என்ற நெறியை மனிதர்களுக்காக முன்வைத்த ஏ.ஓ. என்ற மருத்துவர் குழு சுவிட்சர்லாந்தில் 1958இல் உருவானது. அதன் கால்நடைப் பிரிவு 1969இல் வந்தது.

வளரும் காலில் உலோகம் வைத்தால் வளர்ச்சி நின்றுவிடாதா? எலும்பு முனையிலுள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பைத் தாண்டி பிளேட்டை முடுக்கினால்தான் அந்த ஆபத்து. நடுத்தண்டோடு நிறுத்தினால் கால் வளரும். மிகச் சிறிய குட்டிக்கு மெல்லிய பிளேட் போதும். தேவையானால் கூடியபின் எடுத்துவிடலாம்.

எல்லா முறிவுக்கும் பிளேட் வேண்டாம். வெறும் விரிசலுக்கும், பக்க எலும்பு முறியாமல் தாங்கி நிற்கும் கீழ்க்கால் முறிவுக்கும் மாவுக்கட்டே போதும். அதைத் தீர்மானிக்க வேண்டியது இரு கோணங்களில் எடுத்த எக்ஸ்-ரே. பக்கத்து வீட்டு அனுபவம் அல்ல. மாவுக்கட்டு ஆபத்தில்லாதது என்பதும் தவறு. குட்டி வளர வளரக் கட்டு இறுகும். அடிக்கடி பார்த்து மாற்றாவிட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் அழுகலாம்.

பணமில்லை என்பது நேர்மையான காரணம். அதற்கு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் வழி கேட்கலாம். "குட்டிதானே" என்பது காரணமே அல்ல. இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தக் காலோடு நடக்கப்போவது அந்தக் குட்டிதான்.